புத்துப்பட்டுக் காட்டுக்குப் போய் வந்தேன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அக்கா வீட்டிலும் எல்லோரும் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலம்தானே? போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதற்கு மேல் எனக்கும் கேட்க வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய் வந்தேன். சின்ன மாமா கார் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மரக்காணம் வரை ஒரு பஸ், அங்கே இருந்து புதுச்சேரி பஸ், நாம் எப்போதும் போவது போலவே. மரக்காணத்தில் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசியது. உப்பைக் குவித்துக் கீற்று போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கழுவெளி பக்கம் பறவை எல்லாம் கிளம்பிவிட்டது போல, பஸ்ஸில் இருந்து பார்த்ததில் கொக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைப் பறவைகள் சரணாலயம் என்று 2021-ல் அறிவித்தார்கள், உனக்குச் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

முழங்கால் பரவாயில்லை. தைலம் தேய்க்கிறேன். நீ அனுப்பிய மாத்திரை இன்னும் இருக்கிறது, புதிதாக வாங்கி அனுப்பாதே. பணமும் 5-ஆம் தேதி வந்துவிட்டது. எனக்கு எதற்கு அவ்வளவு பணம்? பென்ஷன் வருகிறது, மேட்டுத்தெரு வாடகை வருகிறது. இந்த மாதத்தில் இருந்து அனுப்ப வேண்டாம். பாப்பா பேரில் போட்டு வை.

ரோட்டில் இறங்கியபோது மணி மூன்றரை இருக்கும். பங்குனி வெயில், செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு எல்லாம் தூசி படிந்து கிடக்க, அந்தக் காடு மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான். மழை என்று பார்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதுதான் பெரிது. மற்ற மாதமெல்லாம் காய்ச்சல். அப்படி இருந்தும் இலையைக் கொட்டாமல் நிற்கிற மரங்கள். 1968-ல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோது இதைத் தனி வகையாகவே வைத்தார்கள், உலர் பசுமைமாறாக் காடு என்று. சோழமண்டலக் கரை ஓரத்தில் மட்டும் நீளமாக ஒரு பட்டையாக இருந்தது, இப்போது கோயில் இருக்கிற இடங்களில் துண்டு துண்டாக மிச்சம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை நான் பாடம் எடுத்ததை விட, நீ ஐந்தாம் வகுப்பில் உன் நண்பர்களுக்கு எடுத்தது நன்றாக இருந்தது. வெட்டியான் கோயில் மதில் மேல் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய்.

உள்ளே நூறு அடி போனதும் குளிர்ந்துவிட்டது. மண்குதிரைகள் நிற்கிற இடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். பழைய குதிரை ஒன்றின் வயிற்றில் விரிசல் விட்டு, அதற்குள் ஒரு கன்று முளைத்திருக்கிறது. நாலே இலை. நெய்க்கொட்டான் என்று நினைக்கிறேன். பறவை போட்ட விதையாகத்தான் இருக்கும்.

காயா மரம் இன்னும் பூக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். இலை உதிர்ந்த பழைய கணுக்களில் ஊசிமுனை அளவுக்கு மொட்டுகள், ஒவ்வொரு கணுவிலும் ஏழெட்டு. ஒரு கோடை மழை விழுந்தால் போதும், கிளை முழுக்க நீலமாகிவிடும். வெண்ணாங்கு இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் அதே சாம்பல் வெள்ளை. மோதிரக்கண்ணிக் கொடியில் அந்தக் கொக்கிகள் சுருட்டிக்கொண்டு இருக்கின்றன. நீ சுண்டுவிரலை அதில் விட்டுக்கொண்டு, எடுக்க வராமல் அழுதது நினைவு வந்தது. ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்பதால் அப்பா எச்சில் தொட்டு மெதுவாக விரலை உருவினார். அரை மணி நேரம் ஆனது. கொக்கியை ஒடித்திருந்தால் அரை நிமிடம்.

கோயிலில் உன் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். மருமகள் பெயருக்கும் பாப்பா பெயருக்கும் செய்தேன். வேண்டுதல் என்று வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஐயனாருக்குத் தெரியும்.

தம்பி, ராத்திரி கண் விழிக்காதே. போன செவ்வாய்க்கிழமை இங்கே இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாய். அப்போது உனக்குக் காலை நேரம். நீ சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். வீட்டில் இருந்தே வேலை என்றாய், சரி. அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். அத்தை பேரனும் அங்கேதான் இருக்கிறான், அவன் அவன் அம்மாவிடம் பேசும்போது ஏதேதோ சொல்கிறான். டி.வி.யிலும் அமெரிக்காவில் வேலை போனவர்களுக்கு 60 நாள், விசா என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு அதெல்லாம் புரிவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டால் போதும். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கேமரா அப்படிக் காட்டுகிறது என்று சொல்லாதே, நான் உன்னைப் பெற்றவள்.

அக்காவிடம் நான் பெருமையாகத்தான் பேசுகிறேன். ஊரில் யார் கேட்டாலும், என் பிள்ளை பதினைந்து வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் பெற்றவளுக்குப் பணம் அனுப்புகிறான் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அப்பா திவசத்துக்கு நீ போனில்கூட வரவில்லை. அக்கா கேட்டாள், நான்தான் ஏதோ மீட்டிங் என்று சமாளித்தேன். ஒரு மகன் அப்படி இருக்கலாமா? சரி, விடு. எழுத நினைத்தது இது இல்லை.

கோயிலுக்குப் பின்னால் அந்தப் பெரிய வீரை இருக்கிறதே, 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் சாய்ந்தது, அதைப் போய்ப் பார்த்தேன். அந்தப் புயலில் பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயிற்று, விழுந்ததை அறுத்து லாரி லாரியாக ஏற்றினார்கள். இங்கே விழுந்த மரத்தையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் இந்த வீரை விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பாதி வேர் மேலே, பாதி மண்ணுக்குள். கிடந்தபடியே நாலு கிளையை நேராக மேலே விட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் என் தொடை கனம். ஈரத் துணியைப் பிழிந்து வைத்த மாதிரி அடிமரம் முறுக்கிக்கொண்டு இருக்குமே, புதுக் கிளைகளிலும் அந்த முறுக்கு வந்துவிட்டது. வைரம் பாய்ந்த மரம். கையை வைத்தால் சில்லென்று இருந்தது.

அந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தபோது ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. மணி பார்த்தேன், ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இமயமலை அடிவாரத்துக்குத் திரும்புகிற நேரம் அதற்கு. என் கண்ணில் படவில்லை. உனக்கு ஒன்பது வயதில், சருகைப் புரட்டிக்கொண்டிருந்த ஒன்றை நீதான் எனக்குக் காட்டினாய். என் கையைப் பிடித்து அழுத்தினாய், பேசாதே என்று. பச்சை, நீலம், வால் அடியில் சிவப்பு. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த பறவை.

அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக் கடிதம் தபாலில் தொலையவில்லை. வந்தது.

2006-ல், அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். தபால்காரர் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் கொடுத்தார். நீ டியூஷன் போயிருந்தாய். பழுப்பு உறை. வனவியல் பட்டப்படிப்புக்குக் கவுன்சிலிங், கோயம்புத்தூருக்கு வரச் சொல்லித் தேதி போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு, மடித்து, பச்சைப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுத்திருப்பார்.

நீ தினமும் பதினொரு மணிக்குத் திண்ணையில் வந்து உட்காருவாய். தேதி தாண்டிப் போனபின் ஒரு நாள் அந்தத் தபால்காரரைத் தெருவில் நிறுத்திச் சத்தம் போட்டாய். "என் கடிதத்தை எங்கே போட்டீங்க?" என்று கேட்டாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி ஒரு தடவை நம் வாசலைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என்பதற்காக என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை நான் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

அக்கா கல்யாணக் கடன் இருந்தது. எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்லூரியிலேயே வேலை கிடைத்து, அந்த வருடமே மாடி கட்டினார்கள். காடு, மரம் என்று போனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்தேன். மரத்தின் பெயரெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளுக்குச் சொன்னேன், ஒருவருக்கும் ஒட்டவில்லை, உனக்கு ஒட்டியது. அதை நானே பிடுங்கிப் போட்டேன். நீ கம்ப்யூட்டர் படித்து, நன்றாக வந்து, கடனை அடைத்து, அப்பா ஆஸ்பத்திரிச் செலவை எல்லாம் பார்த்துக்கொண்டாய். ஒவ்வொன்றுக்கும் நான் சந்தோஷப்பட்டேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கை அந்த உறையில் பட்டது. கிழிக்க மனம் வரவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை அடித்துவிட்டேன். நீ என்மேல் கோபப்பட்டால் கோபப்படு, போனை வைத்தாலும் வை. ஆனால் உன் கஷ்டத்தை என்னிடம் மறைக்காதே. மறைத்து வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. ஏதோ சும்மாதான். வருவதென்றால் வாருங்கள், வராவிட்டாலும் அறை கெட்டுப் போகாது. பாப்பா வயதுப் பிள்ளைகள் நம் தெருவில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆரோவில்காரர்களும் ஒன்றுமில்லாத இடத்தில்தானே 1968-ல் ஆரம்பித்தார்கள். நான் சின்னப் பெண்ணாகப் பாட்டியோடு அந்த வழியாகப் போகும்போது வெறும் செம்மண் மேடு, மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம், பனை தவிர நிழல் கிடையாது. முதலில் சீக்கிரம் வளர்கிற கத்திச் சவுக்கு மாதிரி மரங்களை வைத்தார்கள். பிறகுதான் நம் கோயில் காடுகளில் விதை பொறுக்கி நாற்று விட்டார்கள். இப்போது அந்த மரங்களே விதை போடுகின்றன. அங்கேயும் நாற்றுப் பண்ணைகளில் ஆள் தேவைப்படும். நான் பேச்சுக்குத்தான் சொல்கிறேன். உன் படிப்புக்கு அது பொருத்தமா, எனக்குத் தெரியாது.

பணம் அனுப்பாதே. இதைத் திரும்பச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு லட்சம் வைப்பு நிதியில் இருக்கிறது, அது உனக்குத்தான். மருமகளிடம் சிடுசிடுக்காதே, அவளும் பெற்றவர்களை விட்டுத்தான் அங்கே இருக்கிறாள். ராத்திரி கண் விழிக்காதே.

இன்னொன்று. வீரைக்குப் பக்கத்தில் ஒரு கொடி ஏறியிருக்கிறது. மூன்று மூன்று இலை, கசக்கினால் எலுமிச்சை வாசம், தண்டில் முண்டு முண்டாக, ஒவ்வொரு முண்டின் நுனியிலும் ஒரு முள். மிளகு மாதிரி காய். கீழே உதிர்ந்து கிடந்த இலையைத்தான் கசக்கினேன், பறிக்கவில்லை. முப்பது வருடம் பாடம் எடுத்த எனக்கு அதன் பெயர் வாய்க்கு வரவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன், இன்னும் வரவில்லை. உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிட்டுச் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா