‘வெண்குஷ்டம்’ என்று இனி அச்சிடாதீர்கள்: நாளிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் ‘வெண்குஷ்டம் பரம்பரையாக வருமா?’ என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி-பதில் வந்தது. பதில் சொன்ன மருத்துவர் ‘வெண்புள்ளி’ என்றுதான் எழுதியிருக்கிறார். தொற்றாது என்றும் சொல்லியிருக்கிறார். தலைப்பு உங்கள் மேசையில் போட்டது.

என் அக்கா மகளுக்கு வலது கணுக்காலில், கொலுசுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பெண் பார்க்க வந்த அன்றே அக்கா அதை மறைக்காமல் சொல்லிவிட்டாள். “அதனால என்ன?” என்று பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஞாயிறு மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. உங்கள் தலைப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கீழே ஒரே வரி: “இதைத்தான் அன்னைக்குச் சொன்னீங்களா?” புதன்கிழமை தட்டு மாற்றுவதாக இருந்தது. நின்றுவிட்டது. தலைப்புக்குக் கீழே இருந்த பதிலை அந்த வீட்டில் ஒருவரும் படிக்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். அந்தச் சொல்லை அச்சிடாதீர்கள்.

அதன் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய வைத்தியத்தில் குஷ்டம் என்பது தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயர். ஆயுர்வேதம் 18 வகை எண்ணும். நாளடைவில் பேச்சு வழக்கில் அது தொழுநோய் ஒன்றுக்கே ஆகி, வசைச்சொல்லாகவும் ஆயிற்று. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுபிடித்துவிட்டார். தொழுநோய்த் திட்டு மரத்துப்போகும். வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது, கிள்ளினால் வலிக்கும். (தொழுநோயாளியை ஒதுக்கலாம் என்று சொல்ல வரவில்லை. அதுவும் மாத்திரையில் குணமாகிற நோய்தான். அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க இருந்த வழியையே நாடாளுமன்றம் 2019இல் அடைத்துவிட்டது.) ‘வெண்புள்ளிகள்’ என்றே குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டும் ஆண்டுகள் பல ஆகின்றன.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “மக்களுக்குப் புரியற வார்த்தை சார் அது” என்றார் ஓர் உதவி ஆசிரியர். நன்றாகவே புரிகிறது. புரிந்ததால்தானே தட்டு மாறவில்லை! இரண்டு வரி திருத்தம் கேட்டேன், இடமில்லையாம். ‘வெண்குஷ்டத்துக்கு நிரந்தரத் தீர்வு, பஸ் ஸ்டாண்டு எதிரே லாட்ஜில் வைத்தியர் வருகை’ என்ற விளம்பரத்துக்கு மட்டும் மாதம் தவறாமல் இடம் கிடைக்கிறது. இதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் சொல்கிறது. ஊர் முறைகேட்டையெல்லாம் முதல் பக்கத்தில் போடுகிறவர்கள், சொந்தக் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் திருத்தம் வெளியிடும்படி சம்பந்தப்பட்ட நாளிதழைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களும் இனி ‘வெண்புள்ளி’ என்று மட்டுமே எழுதுங்கள். தலைப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். விளம்பரப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்