கேமராவ தூக்குறதுக்கு முன்னால

ஐயா,

நேத்து வீடியோ கால்ல, சண்ட நடக்குற எடத்துல படம் புடிக்கப் போறப்ப போடுற அந்த நீலக் கலர் குண்டு துளைக்காத வெஸ்ட காட்டினியே, தகடெல்லாம் போட்டா பத்து கிலோவுக்கு மேல வரும்னு சொன்னியே, அப்போ நான் ஒண்ணும் பேசாம அப்பாகிட்ட போன குடுத்துட்டு அடுப்படிக்கு போயிட்டேன். கோவம் இல்லய்யா, பயம்.

2011ல சோமாலியாவுல மொகடிஷுல செத்துப்போன பெர்னாமா டிவி கேமராமேன் நோராம்ஃபைசுல் நெனப்புதான். நம்ம மலேசியாவுலேருந்து நிவாரணக் குழுவோட போனவரு, சுட்டது ஆப்பிரிக்க யூனியன் அமைதிப்படை சோல்ஜருங்களாம். அன்னிக்கு நியூஸ் பாத்துட்டு யாரு பெத்த புள்ளையோன்னு அழுதேன். அப்புறம் நீயே சொன்னியே, 2003ல பாக்தாத் பக்கத்துல அபு கிரைப் ஜெயில் வெளிய ராய்ட்டர்ஸ் கேமராமேன் மாசென் தானாவ, கேமராவ ராக்கெட் லாஞ்சர்னு நெனச்சு அமெரிக்க சோல்ஜர் சுட்டதுன்னு. அதுவும் மனச விட்டு போகல.

நான் இருவது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவ. விடியக்காலைல நெத்தியில வெளக்கு கட்டிக்கிட்டு மரத்துகிட்ட குனிஞ்சா வெட்டுக்கோடு மட்டும் பளிச்சுனு தெரியும், பால் அதுல ஊறி மங்குல சொட்டுறது தெரியும், மத்ததெல்லாம் கும்மிருட்டு. ஒருநாள் மங்குக்கு கீழ சருகு அசைஞ்சத நான் பாக்கவே இல்ல, பக்கத்து நெரையில வெட்டின அக்கா "நில்லுடி"ன்னு கத்தலன்னா நாகம் போட்டிருக்கும். அதுலேருந்து மொதல்ல தரையில வெளக்கடிச்சு பாத்துட்டுத்தான் கத்திய எடுப்பேன். வியூஃபைண்டர்ல கண்ண வெச்சா உனக்கும் அந்தக் கட்டம் மட்டுந்தான தெரியும்? அதனால கேமராவ தூக்குறதுக்கு முன்னால ஒரு சுத்து பாரு, யாரு துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாரு, உன் முதுகுப்பக்கம் பாத்துக்க ஒருத்தர நிக்க வையி, அவரு இழுத்தா ஷாட் பாதியில போனாலும் பரவால்ல, ஓடியாந்துரு.

போகாதன்னு சொல்ல மாட்டேன். 1948ல இதே சுங்கை சிப்புட்ல மூணு வெள்ளக்காரத் தோட்டத் தொரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டப்புறம் அவசரகாலம் போட்டாங்கல்ல, அந்தக் காலத்துல வேலைக்கு போறவங்கள கேட்ல நிறுத்தி தடவிப் பாத்து, காட்டுல இருக்குற அவங்களுக்கு போயிடும்னு ஒரு பிடி சோறு கூட வெளிய கொண்டுபோக விடமாட்டாங்கன்னு உன் பாட்டி சொல்வாங்க. பாட்டியோட அந்தக் கதையும் பாதி போயிடுச்சு, நம்மகிட்ட ஒரு போட்டோ இல்ல. அங்க இருக்குற பொம்பளைங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான நீ நிக்கிற, புரியுதுய்யா.

வெஸ்ட்ல ரத்த குரூப் எழுதிட்டியா? லைன் கெடைச்சா எந்த நேரமானாலும் ஒரு வார்த்த அனுப்பு, போன தலமாட்டுலதான் வெச்சிருக்கேன்.

அம்மா