சண்டை முடியும்வரை வண்டியில் காத்திருப்பவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அப்படைகளோடு செல்லும் மருத்துவப் பணியாளரை 'சண்டை ஓய்ந்தபின் கட்டுப்போட வண்டியில் காத்திருப்பவர்' என்று குறிப்பிட்டிருந்தது. துப்பாக்கி வகைகளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளருக்கு, உயிர் காப்பவரைப் பற்றி எழுத அந்த ஒரு வரிதான் மிஞ்சியது போலும்.

தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தச் சில நிமிடங்களுக்காகவே அந்த மருத்துவப் பணியாளர் தோட்டா தாங்கும் அங்கி அணிந்து படையின் பின்னாலேயே செல்கிறார். குண்டுகள் பறக்கும் இடத்தில் காயத்துக்கு மேலே, இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டையைப் பூட்டி ஆளை மறைவுக்கு இழுத்துவிட வேண்டும். மூச்சுவழியைச் சரிசெய்வதும் நெஞ்சுக் காயத்தை அடைப்பதும் அதற்குப் பிறகுதான். 1996-இல் அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் வகுத்து வெளியிட்ட இந்த முறையே பின்னர் காவல் படைகளுக்கும் வந்தது. எந்த மருத்துவமனைக்கு எந்த வழியில் செல்வது எனப் புறப்படுமுன்பே திட்டமிடுபவரும் அவரே. காவலரோ, பிணைக்கைதியோ, சுட்டவனோ, யார் விழுந்தாலும் இரத்தத்தை நிறுத்த வேண்டியவரும் அவரே. 1999-இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் குண்டடிபட்ட ஆசிரியர் ஒருவர், உதவி வந்துசேர ஏறக்குறைய மூன்று மணி நேரமாகி, அங்கேயே உயிரிழந்தார். மருத்துவப் பணியாளர்கள் வெளியே காத்திருந்ததற்குக் கொடுத்த விலை அது.

இதை ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. நான் தோட்டத்து டிரஸராக, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு மருந்திட்டுக் கட்டுப்போடும் மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்தில், செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் தொடையில் இறங்கிய தொழிலாளியை, துணியால் இறுக்கிக் கட்டி, லாரியில் முழங்காலால் அழுத்தியபடியே பட்டணத்துக்குக் கொண்டுசேர்த்தேன். ஆள் பிழைத்தார், பெயர் மருத்துவமனைக்குப் போனது. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது எங்கள் தோட்ட மருத்துவமனை மூடப்பட்டது பற்றியும், இன்றும் ஆம்புலன்ஸ் செம்மண் சாலையில் வழிதேடி அலைவது பற்றியும் நான் எழுதிய கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் பத்திரமாகவே இருக்கும் என நம்புகிறேன். காயம்பட்ட இடத்திலேயே கைவைப்பவருக்குத் தங்கள் இதழில் என்றைக்கு இடம் கிடைத்தது?

1948-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தது எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான். மலேசியக் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படையான வாட் 69-இன் தளமுள்ள உலு கிந்தாவும் எங்களுக்குத் தொலைவில்லை. 2024 மே மாதம் ஜொகூர் மாநிலத்தின் உலு திராம் காவல் நிலையத்தில் இரு காவலர்கள் கொல்லப்பட்டு இன்னொருவர் காயமுற்ற பின்பும், ஆயுதங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கத் தங்களால் எப்படி முடிகிறது என்று வியக்கிறேன்.

அந்த வரியைத் திருத்தி, வரும் ஞாயிறு இதழில் ஒரு குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.