பால் புவாரேயை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வாசனைத் திரவியங்கள் பற்றிய கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். ஆனால், ஆடை வடிவமைப்பாளர்கள் வாசனைத் திரவியம் வெளியிடும் வழக்கம் 1921-இல் கோகோ ஷனேலின் ‘நம்பர் 5’ மூலமாகத்தான் தொடங்கியது என்று அதில் கண்டிருப்பது சரியன்று. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1911-இல், பாரிஸில் பால் புவாரே என்ற ஆடை வடிவமைப்பாளர் அதைச் செய்துவிட்டார். பல ஆண்டுகளாகப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில், அவர் பெயர் விடுபட்டதைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருக்க மனம் வரவில்லை.

1879-இல் துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த புவாரே, இளம் வயதில் குடை செய்பவரிடம் வேலைக்கு விடப்பட்டார். குடைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய பட்டுத் துண்டுகளை எடுத்துவந்து, தம் சகோதரிகள் கொடுத்த மரப்பொம்மைக்கு உடுத்திப் பார்த்துத்தான் அவருக்குக் கை பழகியது. பிறகு தூசே, வொர்த் ஆகிய பெரிய ஆடை நிறுவனங்களில் பணியாற்றிவிட்டு, 1903-இல் சொந்தக் கடை திறந்தார். மூச்சு முட்ட இடுப்பை இறுக்கிய கார்செட் என்னும் உள்ளாடையை விலக்கி, ஆடையைத் தோளிலிருந்து தொங்கவிட்டு வெட்டியவர்களில் அவர் முதன்மையானவர். இடுப்பளவிலிருந்தே வெட்டத் தொடங்கும் பழக்கமுடைய எங்களுக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது நன்றாகவே புரியும்.

அந்நாளில் ஆடை தைப்பவர் வேறு, வாசனைத் திரவியம் வடிப்பவர் வேறு. மணமும் உடுப்பின் ஒரு பகுதியே என்று கருதிய புவாரே, தம் மூத்த மகள் ரோசினின் பெயரில் தனியாக ஒரு வாசனைத் திரவிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் இன்னொரு மகளான மார்ட்டினின் பெயரில், எளிய தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த சிறுமிகளுக்காக ஓர் ஓவியப் பள்ளியையும் திறந்தார். இலக்கணப்படி வரையக் கற்பிக்காமல், செடிகொடிகளைப் பார்த்து மனம்போல் வரையவிட்ட பள்ளி அது. அச்சிறுமிகள் வரைந்த பூக்கள் திரைச்சீலைகளிலும் கம்பளங்களிலும் ஏறின. ரோசின் குப்பிகள் சிலவற்றுக்கு அவர்களே கையால் வண்ணம் தீட்டினார்கள். துணியும் மணமும் குப்பியும் ஒரே கூரையின்கீழ் உருவாவது என்ற இன்றைய வழக்கத்தின் ஊற்றுக்கண் இதுவே.

ஷனேலின் பெருமையை நான் குறைக்கவில்லை. வாசனைத் திரவியக் கலைஞர் எர்னஸ்ட் போ, ஆல்டிஹைடுகள் என்னும் மணமூட்டும் வேதிப்பொருள்களைத் தாராளமாகச் சேர்த்து அவருக்காக உருவாக்கிய ‘நம்பர் 5’ மணம் புதுமையானதுதான். புவாரே தம் குப்பிக்கு மகளின் பெயரைச் சூட்டினார். ஷனேலோ தம் பெயரையே பொறித்தார். உலகம் ஒருவரை மறந்து மற்றவரை நினைவில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். அந்த ஷனேலுக்குக்கூட அவருடைய வாசனைத் திரவியங்களை விற்க 1924-இல் தொடங்கிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கிடைத்த பங்கு 10 விழுக்காடு மட்டுமே.

முதல் உலகப் போருக்குப் பின் பெண்கள் எளிய உடைகளை நாடியபோதும் புவாரே தம் ஆடம்பரத்தைக் கைவிடவில்லை. 1925 பாரிஸ் கண்காட்சிக்காக சேன் நதியில் மூன்று படகுகளை அலங்கரித்து நிறுத்திய செலவு அவரை மேலும் கடனில் ஆழ்த்தியது. 1929-இல் அவருடைய ஆடை நிறுவனம் மூடப்பட்டது. 1944-இல் அவர் வறுமையில் இறந்தார்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டு, அதில் புவாரேயின் பெயரையும் 1911 என்ற ஆண்டையும் சேர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்,
ஈரோடு