விளம்பரம் என்று சொல்லிவிட்டுப் பேசலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையின் புடவை வாங்க இப்போதெல்லாம் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. யூடியூபில் ஒருவர் புடவையைப் பிரித்துக் காட்டுகிறார், கீழே வாட்ஸ்அப் எண் ஓடுகிறது, பணம் அனுப்பினால் கூரியரில் வந்துவிடுகிறது. டிவி விளம்பரத்துக்கு வசதியில்லாத சிறு வியாபாரிக்கு நல்ல வழிதான், மறுக்கவில்லை.

ஆனால், “நானே வாங்கிக் கட்டிப் பார்த்தேன், சூப்பர்” என்பவர் கடைக்காரரிடம் காசு வாங்கியிருக்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? அப்படியொரு வீடியோவை நம்பி என் மனைவி வாங்கிய ‘பட்டு’ முதல் அலசலிலேயே சாயம் விட்டது. (அது பட்டுதானா என்பதே சந்தேகம்.)

பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோ என்றால் எழுத்திலும் பேச்சிலும், அதுவும் பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நான் பார்க்கும் தமிழ்ச் சேனல்களிலோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலம், அதுவும் இரண்டே நொடி. சிலவற்றில் அதுவும் இல்லை.

“இது விளம்பரம்” என்று தமிழில் சொல்ல அப்படி என்ன தயக்கம்?

– வாசகர் ஒருவர், ஈரோடு