மொடிலியானியின் கற்களையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் கலைப் பக்கத்தில் இத்தாலிய ஓவியர் அமெடியோ மொடிலியானி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாரிசில் வறுமையில் வாழ்ந்தார், குடித்தார், 35 வயதில் செத்தார், நிறைமாதக் கர்ப்பிணியான காதலி அடுத்த ஓரிரு நாளில் ஐந்தாம் மாடியிலிருந்து குதித்தார், 2015இல் அவருடைய படமொன்று 170 மில்லியன் டொலருக்கு மேல் விலைபோனது என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் கல் கொத்தியதைப் பற்றிக் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது: சிறிது காலம் சிற்பமும் செய்தார். அந்த ஒரு வரி என்னை மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

நான் பொரளை கனத்தை மயானத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு பட்டறையில் 41 வருடம் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியவன். எனக்கு முன் அப்பா அங்கே வேலை செய்தார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வெட்டுவோம். சிங்கள எழுத்தின் வளைவுகளில் உளி வழுக்கும். தமிழில் 'ழ' வந்தால் அப்பா தானே வெட்டுவார், என்னிடம் தரமாட்டார். காகிதத்தில் பிழை விட்டால் அழிக்கலாம். கல்லில் ஒரு புள்ளி உடைந்தாலும் முழுக் கல்லையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மொடிலியானியை எனக்குக் காட்டியவள் பேத்தி. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுக்கிறாள். நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை விரித்து, "தாத்தா, இது கோயில் சிலை மாதிரியே இருக்கு" என்றாள். நீண்ட முகம், கத்தி போல இறங்கும் மூக்கு, பொத்தானளவு வாய். மூக்கின் பக்கவாட்டில் உளித் தடம் அப்படியே தெரிந்தது. தேய்த்து மினுக்காமல் விட்டிருந்தார். படத்தின் மேல் என் விரல் தானாகவே போய்விட்டது. அப்புறம் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

1884இல் லிவோர்னோ என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். 11 வயதில் புளூரிசி என்ற நுரையீரல் உறை அழற்சி, 14 வயதில் நெருப்புக் காய்ச்சல், 16 வயதில் சயரோகம். 1906இல் பாரிசுக்குப் போகும்போதே நெஞ்சு பழுதான பிள்ளை அவர். 1909இல் ருமேனியச் சிற்பி பிரான்குசியின் பழக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு சுமார் ஐந்து வருடம் அவர் மனம் முழுக்கக் கல்லில்தான் இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய சிற்பிகள் களிமண்ணில் உருவம் பிசைந்து கொடுப்பார்கள். கல்லில் வெட்டுவது கூலியாட்கள். மொடிலியானிக்கு அது பிடிக்கவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் காட்டிய வழியில் போய்ச் சிற்பம் வெறும் மண்ணாகிவிட்டது என்பது அவருடைய குறை. மாதிரி இல்லாமல் தன் கையாலேயே நேரே கல்லை வெட்டினார். கல் வாங்கக் காசில்லை, கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து சுண்ணாம்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவாராம். தலையில் பாரம் தாங்கி நிற்கும் பெண் உருவங்களைக் கத்தை கத்தையாக வரைந்து வைத்தார். அவற்றைத் தூண்களாக நிறுத்திக் கோயில் போல ஒன்றை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. அப்படி ஒரு உருவம் கல்லில் இருக்கிறது, அதுவும் முழுதாக முடியவில்லை. இன்று எஞ்சியிருக்கும் கற்சிற்பங்கள் ஏறத்தாழ 25தான்.

சிற்பி எப்ஸ்டைன் அவருடைய கொட்டிலுக்குப் போய்ப் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். இரவில் ஒவ்வொரு கல் தலையின் உச்சியிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பாராம். ஒரு பழங்காலக் கோயிலுக்குள் நிற்பது போல இருந்ததாம். அதைப் பேத்தி படித்தபோது எனக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில்தான் கண்ணுக்குள் வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது 1907 முதல் 1912 வரை. மொடிலியானி பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சியில் தன் கல் தலைகளை வைத்ததும் அதே 1912இல். இங்கே கொழும்பில் ஒரு கூட்டமே சேர்ந்து கல் வெட்டிக் கோயிலை நிறுத்திவிட்டது. அங்கே ஒரு தனி மனிதன் மனசுக்குள் கோயிலைச் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே வெட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தூண்களில் கை வைக்கும்போது இப்போதெல்லாம் அவரையும் நினைக்கிறேன்.

அந்த வேலை ஏன் நின்றது என்று கட்டுரை சொல்லவில்லை. தூசி. 1914 அளவில் கல்லை விட்டுவிட்டார். யுத்தம் வந்தது, காசும் இல்லை, அவையும் காரணம். ஆனால் சயரோகம் பிடித்த நெஞ்சுக்குள் கல் தூசி போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கல் மென்மையானது, மாவு போலப் பறக்கும். எங்கள் பட்டறையில் கருங்கல், அது இன்னும் மோசம். அப்பா வேட்டி முனையை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுவார், வேறு பாதுகாப்பு எதுவும் எங்களுக்குத் தரப்படவில்லை. ஐம்பது வயதில் அவருக்குப் படி ஏற மூச்சு வரவில்லை. வெலிசறை நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது நுரையீரலில் கல் படிந்திருக்கிறது என்றார்கள். பட்டறைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அப்பா அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆகவே உளியைக் கீழே வைத்த அன்று மொடிலியானிக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை.

அதற்குப் பிறகு வரைந்த படங்களைப் பாருங்கள். நீளக் கழுத்து, அதே மூக்கு, கருமணி இல்லாத கண்கள். கல்லில் வெட்ட முடியாமல் போன தலைகளைத்தான் அவர் துணியில் வரைந்துகொண்டிருந்தார் என்பது என் எண்ணம். சிற்பத்தைச் 'சிறிது காலம்' என்று ஒதுக்கிவிட்டால் அந்தப் படங்களே விளங்காது.

1984இல் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் தன் தலைகளில் சிலவற்றை லிவோர்னோ வாய்க்காலில் எறிந்தார் என்று ஊரில் ஒரு கதை. நூற்றாண்டு விழாவுக்காக வாய்க்காலைத் தோண்டினார்கள், மூன்று தலைகள் கிடைத்தன. அறிஞர்கள் அவருடையவைதான் என்றார்கள். பிறகு மூன்று மாணவர்கள் வந்து, ஒன்றை நாங்கள்தான் மின்சாரத் துளைப்பானால் செய்தோம் என்று சொல்லித் தொலைக்காட்சியில் செய்தும் காட்டினார்கள். மற்ற இரண்டும்கூட இன்னொருவர் செய்தவை. எனக்கு அது வேதனையாக இருக்கிறது. கையால் வெட்டிய தடமும் இயந்திரத் தடமும் வேறு. உளி ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போகும், இயந்திரம் நிற்காது. பட்டறைக்கு மின்சார இயந்திரம் வந்த பிறகு இரண்டிலும் வேலை செய்தவன் நான். அங்கே ஒரு கல்வேலைக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

கட்டுரை பெரும்பகுதியும் குடியையே பேசியது. 1920 ஜனவரி 24ஆம் திகதி அவர் உயிரைக் கொண்டுபோனது சயரோகம், அது மூளை உறைக்கும் பரவியிருந்தது. அப்பா செத்தபோது 14 மாதக் குழந்தையாக இருந்த அவருடைய மகளை இத்தாலியில் அத்தைதான் வளர்த்தார். அந்தப் பிள்ளை பெரியவளானதும், அப்பாவைப் பற்றிய கட்டுக்கதைகளைக் களைவதற்காகவே தேடித் தேடி ஒரு புத்தகம் எழுதி 1958இல் வெளியிட்டார். பெற்ற மகளுக்கே அந்தப் பாடு தேவைப்பட்டிருக்கிறது.

உங்கள் பக்கத்தில் அச்சான இரண்டு படங்களும் ஓவியங்கள். அடுத்த ஞாயிறு ஒரு கல் தலையின் படத்தைப் போடுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. முன்பக்கம் வேண்டாம், பக்கவாட்டில் எடுத்த படமாக இருக்கட்டும். அப்போதுதான் உளித் தடம் தெரியும். பேத்தி தன் சித்திரக் கொப்பியில் அதற்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லெழுத்து வேலையாள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.