மூட்டு மாற்று அறுவை அரங்கில் எங்களைப் பழக்கியவர்களுக்கு

வணக்கம்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் உதவியாளர் பயிற்சி முடித்த எல்லோரும் சேர்ந்து எழுதும் மடல் இது.

முதல் நன்றி கருவிகளைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்துத் தருபவர்களுக்கு. வழக்கமாக உங்களைக் கடைசியில்தான் சொல்வார்கள், அதனாலேயே முதலில். இடுப்புக் கிண்ணத்தைக் குடையும் ரீமர் காய் துருவி மாதிரி இருக்கும். அதன் உட்புறத்தில் எலும்புத் துகள் ஒட்டியிருந்தால், 134 டிகிரி செல்சியஸ் நீராவியும் துகளுக்கு அடியில் எட்டாது. பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஆட்டோகிளேவ் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றது இதனால்தான். உறை நனைந்திருந்தால் முழு செட்டையும் திருப்பி அனுப்பக் கற்றுக் கொடுத்ததும் நீங்களே. ஈரத்தோடு வெளிக்கிருமியும் உள்ளே இறங்கிவிடும்.

அறுவையின்போது கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. அதில் பாதி, செயற்கை மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமெண்டின் கணக்கு. பொதுவாக ஒரு பாக்கெட்டில் தூள் 40 கிராம், திரவம் 20 மில்லி. கலக்கத் தொடங்கியதுமே நேரத்தைக் குறிக்க வேண்டும். ஆனால் அறை சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும், குளிர்ந்திருந்தால் இழுக்கும் என்பதால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. கையால் வைப்பதென்றால் கையுறையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். வெற்றிடத்தில் கலப்பது காற்றுக் குமிழைக் குறைக்க. குமிழ் இருக்கும் இடத்தில் பின்னாளில் விரிசல் கிளம்பலாம். எலும்பைப் பீய்ச்சிக் கழுவித் துடைக்காமல் விட்டால் இரத்தமும் கொழுப்பும் நடுவில் நிற்கும், சிமெண்ட் எலும்பின் துளைகளுக்குள் ஏறாது.

செயற்கை இடுப்பின் 36 மி.மீ. பந்துக்கு, அது சுழலும் கிண்ணத்தின் உள்ளுறையான லைனரும் 36 மி.மீ.தானா, இடதா வலதா, காலாவதித் தேதி என்ன என்று உறையைப் பிரிக்கும் முன்பே உரக்கப் படிக்க வைத்தீர்கள். அலுப்பான வேலைதான். உள்ளே போன பிறகு தெரிந்தால் அலுப்போடு முடியாது. செராமிக் பந்தை மாட்டும் முன் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் கூம்பைத் துடைத்து உலர்த்தச் சொன்னதும் அப்படித்தான்: சின்னத் துகள் சிக்கினாலும் பந்து உடையும் ஆபத்து உண்டு.

மயக்க மருந்து மருத்துவர்களே, "சிமெண்ட் போகிறது" என்று முன்கூட்டியே குரல் கொடுக்கப் பழக்கியதற்கு நன்றி. தொடை எலும்புக் குழாயில் அழுத்தும்போது மஜ்ஜையும் கொழுப்பும் இரத்தத்தில் கலந்து நுரையீரலை எட்டினால் இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென்று சரியலாம். காலுக்கு இரத்தம் போவதைத் தடுக்கும் டூர்னிகே பட்டையை ஏற்றுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போயிருக்க வேண்டும், பிறகு போட்டால் மருந்து காலுக்குள் வராது என்பதும் உங்கள் பாடம்.

அறுவை மருத்துவர்கள், தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரின் நுனியைக் கவனிக்கச் சொன்னார்கள். எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பது அதற்கு அப்புறம்தான். இடுப்பில் முன்பக்க நுனி எலும்பை விட்டு நழுவினால் தொடை நரம்பு நசுங்கும். முழங்காலில் மூட்டுறைக்குப் பின்னாலேயே தமனி ஓடுகிறது. இடுப்பைப் பின்வழியாகத் திறக்கும்போது முழங்காலை மடக்கிப் பிடிப்பது இடுப்பின் பின்புறமாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைத் தளர்த்தி வைக்க.

பிசியோதெரபிஸ்ட்களுக்கும் வார்டு நர்ஸ்களுக்கும்: பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பதை முதுகில் போட்ட ஸ்பைனல் ஊசியின் மரப்பு விலகியதும் மறுபடி செய்ய வைத்தீர்கள். மரப்போடு பார்த்தால் நரம்பின் நிலை புரியாது.

பயிலுபவர் உடனிருக்கச் சம்மதித்த நோயாளிகளே, உங்களில் பலர் எங்கள் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
பயிற்சி முடித்த உதவியாளர்கள்